ஊசி போட்டவையைப் பார்த்துச் சிரிக்கிறதை முதலில் நிறுத்துவம்

போன வருசம் எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம். லண்டனில் இருந்து வந்த சித்தி ஆளே மாறி வந்திருந்தா. முதல் நாள் முழுக்கப் பாராட்டுத்தான். "என்ன இப்பிடி மெலிஞ்சிட்டியள், என்ன செய்தனியள்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இரண்டாம் நாள் விசயம் வெளியில வந்தது. "உது ஊசியாம்." அதோட பாராட்டு நக்கலாய் மாறிவிட்டது. "காசிருக்கு, போடுறா. நாங்கள் நடந்து குறைக்கிறம்" என்று சொன்ன மாமி நடந்ததை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

அதே மண்டபத்தில், காற்றாடிக்குக் கீழ, காலில் கட்டோடு ஒரு பெரியம்மா இருந்தா. பதினைந்து வருசமாகச் சீனி வருத்தம். இரண்டு விரல்கள் எடுத்தாச்சு. மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு விடிய ஐந்து மணிக்கே போய் வரிசையில் நிற்கிறவ. சித்தி போடுகிற அந்த ஊசி முதலில் செய்யப்பட்டது உடம்பு மெலிய இல்லை, பெரியம்மாவுக்கு இருக்கிற அதே வருத்தத்துக்குத்தான் என்று அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரையும் பற்றியது. ஊசி போட்டவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கமும், ஊசி தேவையானவருக்கு அது கிடைக்காமல் இருப்பதும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது என்ர வாதம். சிரிப்பை நிறுத்தாமல் மற்றதைக் கேட்க ஏலாது.

முதலில் இந்த மருந்து என்ன என்று பார்ப்பம். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் குடல் ஜிஎல்பி-1 என்ற ஓமோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் சீனி கூடி இருந்தால் இன்சுலினை விடச்சொல்லி அது கணையத்துக்குச் சொல்கிறது. வயிறு வெறுமையாகிற வேகத்தைக் குறைக்கிறது. "காணும், வயிறு நிரம்பிட்டுது" என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் உடம்பு சுரக்கிற இந்த ஓமோன் ஓரிரு நிமிசத்தில் அழிந்துபோகும். அழியாமல் நிற்கிற ஒன்றைத் தேடின விஞ்ஞானிகளுக்கு அது கிடைத்தது கீலா மொன்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லி ஒன்றின் உமிழ்நீரில். அதைப் பின்பற்றிச் செய்த எக்செனடைட் 2005இல் அமெரிக்காவில் நீரிழிவு மருந்தாக அனுமதி பெற்றது. பிறகு லிராகுளுடைட். பிறகு கிழமைக்கு ஒருதடவை போட்டால் போதும் என்கிற செமாகுளுடைட். அது 2017 டிசம்பரில் ஒசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், 2021இல் வெகோவி என்ற பெயரில் உடல் எடைக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டது. 2022இல் டிர்செபடைட் வந்தது, மௌன்ஜாரோ என்ற பெயரில். அது ஜிஎல்பி-1 மட்டுமில்லாமல் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஓமோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

எவ்வளவு வேலை செய்கிறது? செமாகுளுடைட்டை 68 கிழமை போட்ட ஆட்களின் எடை சராசரியாக 15 வீதத்துக்குக் கிட்டக் குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். டிர்செபடைட்டின் கூடிய அளவில் 20 வீதம் வரை. எடையை விடுங்கள். இதயநோய் உள்ள, நீரிழிவு இல்லாத, உடல் எடை கூடிய 17,604 பேரில் செய்து 2023இல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு இவை சேர்த்து 20 வீதம் குறைந்தன. நீரிழிவும் சிறுநீரக நோயும் சேர்ந்து உள்ளவர்களில் செய்து 2024இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் செயலிழப்பது முதலான பெரிய பாதிப்புகளும் சிறுநீரக, இதயநோய்ச் சாவும் சேர்த்து 24 வீதம் குறைந்தன. டயலிசிஸ் கட்டிலுக்காகக் காத்திருக்கிற குடும்பம் ஒன்றைத் தெரிந்தவர்கள் இந்தக் கடைசி எண்ணை இன்னொருக்கால் வாசியுங்கள்.

இனி நக்கல் அடிக்கிறவர்களிடம் வருவம். அவர்களின் வாதம் ஒரே சொல்தான்: குறுக்குவழி. வாயைக் கட்டினால், காலையில் நடந்தால் குறையும், அதைச் செய்யாத சோம்பேறிகளுக்குத்தான் ஊசி என்பது. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனால் உடம்பு அப்படி வேலை செய்யிறதில்லை. அமெரிக்காவில் "பிக்கெஸ்ட் லூசர்" என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. வாயைக் கட்டுவதிலும் ஓடுவதிலும் அவர்களை வெல்ல எங்கட ஊரில் ஒருவரும் இல்லை. அதில் பங்குபற்றின 14 பேரை ஆறு வருசம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதைவிட முக்கியம், அவர்களின் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, அந்த எடையுள்ள ஆளிடம் எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருசத்துக்குப் பிறகும் அப்படி. எடை குறைந்ததை உடம்பு பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, இழந்ததை மீட்கப் போராடுகிறது. மன உறுதி இல்லாததால் வந்த வினை இல்லை இது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பிறசருக்குக் குளிசை போடுகிறவரைப் பார்த்து "உப்பைக் குறைக்க ஏலாத சோம்பேறி" என்று நாங்கள் சிரிக்கிறதில்லை. கண்ணாடி போடுகிறவரைப் பார்த்து "கரட் தின்னாமல் குறுக்குவழியில் போறார்" என்று சொல்வதில்லை. இன்சுலின் போடுகிற அப்பப்பாவைப் பார்த்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. உடம்பு பெருத்தவருக்கு மட்டும் மருந்து எடுக்க முதல் தண்டனை அனுபவித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதுவும் பெண் என்றால் சொல்லவே வேண்டாம். "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டுது" என்பது எங்கட ஊரில் சுகம் விசாரிக்கிற வசனம். பாராட்டினதும் அந்த வாய்தான், நக்கலடித்ததும் அந்த வாய்தான். மெலிய வேண்டும், ஆனால் எப்படி மெலிந்தாய் என்று எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இனி எங்கட பக்கத்து ஆட்கள். இடதுசாரித் தோழர்களும், "உன் உடம்பை அப்படியே நேசி" என்று எழுதுகிற நண்பிகளும் சொல்வது வேறு. இது மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி, பசியைக்கூட விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள் என்பது. கம்பனிகளைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை. ஒசெம்பிக்கைச் செய்கிற நோவோ நோர்டிஸ்க்கின் சந்தை மதிப்பு 2023இல் அதன் சொந்த நாடான டென்மார்க்கின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே தாண்டியது. ஆனால் கம்பனி கொள்ளை அடிக்குது என்பதால் மருந்து பொய் என்று ஆகாது. எயிட்ஸ் மருந்துகளை விற்றதும் இதே மாதிரிக் கம்பனிகள்தான். தென்னாபிரிக்காவில் நோயாளிகள் "மருந்து வேண்டாம்" என்று ஊர்வலம் போகவில்லை. "விலையைக் குறை" என்று போனார்கள். வென்றார்கள். பெரியம்மாவின் காலைப் பார்த்துவிட்டு "உன் உடம்பை நேசி" என்று மட்டும் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. உடம்பை நேசிக்கிற ஆளுக்கு அந்த உடம்பில் கால் இருக்க வேணும், சிறுநீரகம் வேலை செய்ய வேணும்.

மூன்றாவது கூட்டம்தான் ஆபத்தானது: விற்கிறவர்கள். டிக்டொக்கிலும் வட்ஸ்அப் குழுவிலும் "கலியாணத்துக்கு முதல் பத்துக் கிலோ" என்று ஊசி விற்கிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை சில இருக்கு.

போலி ஒசெம்பிக் பிரேசிலிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பிடிபட்டது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. அவ்வளவு காவல் உள்ள நாடுகளுக்குள்ளேயே அது நுழைந்தது. எங்கட நாட்டில் 2023இல் இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதாகும்வரை போனதை மறந்துபோகாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்திலேயே அந்தக் கதை என்றால், பெயர் தெரியாதவர் பார்சலில் அனுப்புகிற ஊசிக்குள் என்ன இருக்கு என்று ஆருக்குத் தெரியும்?

உண்மையான ஊசியே வந்தாலும், திறக்காத பேனாவை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். திறந்த பிறகும் 30 பாகைக்கு மேல் விடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதம் அறைக்குள் எத்தனை பாகை என்று நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. வெளிநாட்டில் இருந்து சூட்கேசில் உடுப்புக்கு நடுவில் வருகிற பேனாவின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள்.

உடம்புக்கு உள்ளேயும் விளையாட்டு இல்லை. குமட்டல், சத்தி, மலச்சிக்கல் கனபேருக்கு வரும். பித்தப்பைக் கல் வரலாம். அரிதாகக் கணைய அழற்சி வரும். தைரொயிட்டில் வருகிற மெடுலரி என்ற வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. கனகாலம் சீனி கூடி இருந்து கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குச் சீனி சடாரென்று இறங்கும்போது கண் மோசமாகலாம், அதனால் முதலில் கண்ணைக் காட்ட வேண்டும். குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் போகும். பெண்களுக்கு இன்னும் இரண்டு விசயம்: பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் செமாகுளுடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முதலே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கருத்தடைக் குளிசையின் வேலை குறையும். இதை எந்த டிக்டொக் அக்காவும் சொல்ல மாட்டா. பிறவகை, அதாவது முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்திவிட்டு இதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக ஒன்று. நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைட்டை நிறுத்தி ஒரு வருசத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதாக ஆய்வு சொல்கிறது. ஆகவே கலியாணத்துக்காக மூன்று மாதம் போடுகிறது காசை ஆற்றில் கொட்டுகிற வேலை. ஏற்கனவே மெலிந்த பிள்ளைகள் இன்னும் மெலியப் போடுவது வருத்தத்தை விலைக்கு வாங்குகிற வேலை. தேவையானவருக்கு இது பிறசர் குளிசை மாதிரி நீண்டகால மருந்து. தேவையில்லாதவருக்கு இது மருந்தே இல்லை.

அப்ப தேவையானவர் ஆர்? இங்கேதான் எங்கட நாட்டுக் கதை வருகுது. 2018-19இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின்படி இலங்கையில் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. தெற்காசிய உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சீனி வரும். அதனால்தான் ஐரோப்பியருக்கு 25 என்று வைத்த பிஎம்ஐ எல்லையை ஆசியருக்கு 23இல் இருந்தே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொன்னது. பார்த்தால் மெல்லிய ஆளாக இருப்பார், வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். எங்கட அப்பாமாரின் உடம்பை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எல்லாருக்குமாக இல்லை. இரண்டாம் வகை நீரிழிவோடு இதயநோய் அல்லது சிறுநீரக நோயும் உடற்பருமனும் சேர்ந்து உள்ளவர்களுக்காக. அதாவது சித்தியை விட முதலில் பெரியம்மாவுக்காக.

விலைக்கு வருவம். அமெரிக்காவில் ஒரு மாத ஒசெம்பிக்கின் பட்டியல் விலை ஆயிரம் டொலருக்குக் கிட்ட இருந்த நேரத்தில், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். 2024இல் வெளியான அந்தக் கணக்கின்படி, இலாபத்தையும் சேர்த்தே ஒரு மாதத்துக்கான மருந்தை 89 சதத்தில் இருந்து 4 டொலர் 73 சதத்துக்குள் செய்து விற்கலாம். மிச்சம் எல்லாம் காப்புரிமைக்குக் கொடுக்கிற கப்பம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குத் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்ப அந்தச் சுவரில் வெடிப்பு விழுகுது. இந்தியாவில் செமாகுளுடைட்டின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். நாங்கள் போடுகிற குளிசையில் பெரும்பகுதி அங்கே இருந்துதான் வருகிறது. பாக்குநீரிணைக்கு அந்தப்பக்கம் மலிவாகச் செய்கிற மருந்து இந்தப்பக்கம் என்ன விலைக்கு, ஆருக்கு வரும் என்பதுதான் கேள்வி. ஒருவரும் கேட்காவிட்டால் அது கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியின் அழகு நிலையத்துக்குத்தான் வரும். கிளினிக் வரிசைக்கு வராது.

இதைக் கேட்க எங்களுக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை. 1971இல் இந்த நாட்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் வாங்கு, தேவையானதை மட்டும் வாங்கு, உலகம் முழுக்க விலை கேட்டு மொத்தமாக வாங்கு என்று செய்து காட்டினார். உலக சுகாதார நிறுவனம் தன்ர முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது அதற்குப் பிறகு, 1977இல். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு விலை கட்டுப்படுத்துகிற வழியும் இருக்கு. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை வைத்தார்கள். வழி தெரியாத நாடு இல்லை இது.

"மெட்போமினே சில மாதம் வெளியில வாங்கச் சொல்லுறாங்கள், இதில ஒசெம்பிக் கேக்கிறாய்" என்று நீங்கள் சொல்வது கேட்குது. நியாயமான கேள்வி. மெட்போமினும் இன்சுலினும் எல்லாக் கிளினிக்கிலும் எல்லா மாதமும் இருக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை, அதில் பேரம் இல்லை. ஆனால் ஏழைக்குப் பழைய மருந்து, காசுக்காரருக்குப் புது மருந்து என்பதை இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொள்ள ஏலாது. எல்லாருக்கும் கேட்கவும் இல்லை. சீனியும் இதயமும் சிறுநீரகமும் ஒன்றாய்ப் பழுதானவர்களுக்கு முதலில், பொதுப்பெயர் மருந்தாக, மொத்தக் கொள்வனவில். ஒரு ஆளை வருசக்கணக்காக டயலிசிஸில் வைத்திருக்க அரசு செலவழிக்கிறதையும், அவரைக் கூட்டிப்போகிற மகள் வேலைக்குப் போகாமல் இழக்கிறதையும் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள், எது விலை கூடினது என்று.

ஊசி வந்தால் சாப்பாட்டுக் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இந்த நாடு 2016இல் குளிர்பானப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனிக்கு நிறம் ஒட்டியது. 2017 கடைசியில் குளிர்பானத்தில் உள்ள சீனிக்கு வரியும் போட்டது. நல்ல வேலைகள். அதோடு காணாது. பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைக்குப் பணிசும் சோடாவும் மலிவாகவும் பழமும் பயறும் விலையாகவும் இருக்கிற ஊரில், "வாயைக் கட்டு" என்பது புத்திமதி இல்லை, பகிடி. காலையில் பாண், மத்தியானம் ஒரு மலை சோறு, இரவில் புட்டு, இடையில் மூன்று சீனித் தேத்தண்ணி என்பது ஒரு ஆளின் ஆசையால் மட்டும் வந்த சாப்பாடு இல்லை. காசும் நேரமும் இல்லாத வீட்டின் சாப்பாடு. பின்னேரத்தில் ஒரு பொம்பிளை தனியாக நடக்கக்கூடிய வெளிச்சமுள்ள றோட்டு எத்தனை ஊரில் இருக்கு? ஊசியும் வேணும், றோட்டும் வேணும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தராமல் விடுகிறதுதான் எங்களை ஏமாற்றுகிற வழி.

திரும்பவும் வெட்கத்துக்கு வாறன். ஏனெண்டால் எல்லாம் அங்கேதான் நிற்குது. இன்சுலின் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறதுக்கு ஒரு காரணம், அதைக் கேட்க ஒருவரும் வெட்கப்படாதது. இல்லை என்றால் சனம் சத்தம் போடும், பத்திரிகை எழுதும், எம்பி பதில் சொல்ல வேண்டி வரும். இந்த ஊசியை நாங்கள் "களவு", "குறுக்குவழி", "காசுக்காரியின்ர விளையாட்டு" என்று ஆக்கிவிட்டோம். போடுகிறவர் ஒளித்துப் போடுகிறார். தேவையானவர் கேட்கக் கூசுகிறார். களவாய்ப் போடுகிற ஒன்றுக்கு உச்சவிலை கேட்டு ஆர் ஊர்வலம் போவது? ஒளித்துப் போடுகிறவர் பக்கவிளைவு வந்தாலும் டொக்டரிடம் சொல்ல மாட்டார். நாங்கள் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் வட்ஸ்அப் வியாபாரிக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கிறது.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் சித்தியைப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி, "அந்த ஊசியைப் பற்றி இவவுக்குச் சொல்லுங்கோ" என்றேன். சித்தி முதலில் சுத்திவரப் பார்த்தா. பிறகு மெல்லச் சொன்னா: தனக்கும் சீனிதான், ஐந்து வருசமாய் ஒருவருக்கும் சொல்லேல்லை, அங்கத்தைய டொக்டர் அதுக்குத்தான் எழுதித் தந்தவர் என்று. பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "இஞ்ச கிளினிக்கில தருவினமே?"

அடுத்த கிளினிக்கில் பெரியம்மா அதையே டொக்டரிடம் கேட்டா. இல்லை என்றுதான் பதில். ஆனால் வரிசையில் பின்னால நின்ற இரண்டு பேர், "அக்கா, நீங்கள் என்ன மருந்து கேட்டனியள்?" என்று விசாரித்திருக்கினம். உங்கட வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அதோட போறவையிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள்.